ஒன்றரை மணி நேரத்தின் விலை

செல்வலட்சுமியைத் திட்டுவதற்கென்றே ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஐம்பது பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் தறிக்காரர்கள். பேண்டேஜ் துணியை வாங்கி, வெளுத்து, வெட்டி, மடித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவள் துணி பார்க்கிறவள். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்கு மேஜை முன்னால் நிற்பாள். செட்டியார்பட்டியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வேனில் வந்து இறங்கும் உருளைகளில் ஒன்றைப் பிரித்து விரித்து, ஒரு அங்குலச் சதுரம் மட்டும் தெரிகிற கண்ணாடியை அதன் மேல் வைத்துக் குனிவாள். அந்த அங்குலத்துக்குள் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் பதினைந்து இருக்க வேண்டும். பதிமூன்று ஓடியிருந்தால் உருளை வந்த வேனிலேயே ஏறும்.

பதிமூன்று எப்படி வரும் என்றால், தானாக வராது. கொடுத்த நூலில் கூடுதல் மீட்டர் காட்ட வேண்டும் என்று ஊடையைத் தளர்த்தி ஓட்டுவார்கள். நூறு மீட்டர் வர வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினைந்து மீட்டர் வந்துவிடும். தூக்கிப் பார்த்தால் துணியாகத்தான் இருக்கும். புண்ணில் வைத்துக் கட்டும்போதுதான் நூல் விலகிப் பல்லிளிக்கும்.

"ரெண்டு நூல்ல என்ன தாயி குடி முழுகிரப் போவுது?" என்று தறிக்காரர் சோலைச்சாமி ஒருநாள் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்.

"பச்சப்பிள்ளைக்கு ஆப்ரேசன் பண்ணிக் கட்டுற துணிண்ணே இது. கொசுவல இல்ல."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. பதினொரு வருஷமாக இந்த வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று முதலாளிக்கே கொஞ்சம் பயம் உண்டு. அப்படிப்பட்டவள்தான் தன் வீட்டில் போய் அந்தக் காரியத்தைச் செய்தாள். தறிக்காரர்களுக்குத் தெரிந்தால் தேங்காய் உடைப்பார்கள்.

அவள் கணவன் கௌதம்ராஜ் சென்னையில் கேம் டெஸ்டிங் வேலை பார்த்தவன். மற்றவர்கள் உருவாக்கிய வீடியோ கேமை விளையாடி, எந்தச் சுவருக்குள் கால் புகுந்துவிடுகிறது, யாருடைய தொப்பி தலையை விட்டு விலகி மிதக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். கொரோனா வந்தபோது கம்பெனி ஒரே மின்னஞ்சலில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு பையும் லேப்டாப்புமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கியவன், வேறு வேலை தேடவில்லை. ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, எட்டாம் நாள் சொன்னான்.

"செல்வி, நானே ஒரு கேம் பண்ணப் போறேன். சின்னதா. உன் ஆட்டுக் கதைய."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதையை அவள் ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், வன்னியம்பட்டிப் பக்கம் போன பஸ்ஸில் அவனிடம் சொல்லியிருந்தாள். சொன்னதையே மறந்திருந்தாள். அவன் மறக்கவில்லை.

கதை பெரிதொன்றும் இல்லை. அவளுக்குப் பதினொரு வயது. சொந்த ஊர் சுந்தரபாண்டியம். வீட்டில் ஏழெட்டு ஆடு. அதில் ஒன்றைக் குட்டியிலிருந்து அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பெயர் சீனி. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சீனி இல்லை. அப்பா பால்சாமி கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "கம்மாப் பக்கம் மேஞ்சுகிட்டு நிக்கும், போய்ப் பாரு" என்றார். பைக்கட்டைக்கூட இறக்காமல் ஓடினாள். கண்மாய்க் கரை, பனங்காடு, புளியந்தோப்பு, வாய்க்கால் மேடு என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். வெயில் சாய்ந்து, மலை கறுத்து, தன் கை தனக்கே தெரியாமல் போகிறவரைக்கும் தேடினாள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள்தான் அம்மா சொன்னாள், அன்று காலையிலேயே சீனியை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்தாயிற்று என்று. பிள்ளையிடம் அதைச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாகப் பொழுதடையும்வரை தேட விட்டார்.

ஆடு போனதைவிட, இல்லாத ஆட்டைத் தன்னைத் தேட விட்டதுதான் செல்விக்கு இருபது வருஷம் கழித்தும் ஆறவில்லை. அதைப் பற்றி அப்பாவிடம் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இந்த கேம் வேலை நடந்துகொண்டிருந்த மூன்றாம் வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

"ஆட்டத் தேடுறதெல்லாம் ஒரு கேமா? சுட வேண்டாமா, வெட்ட வேண்டாமா?" என்று அன்று கேட்டாள்.

"வேண்டாம். ஒரு பிள்ள தேடுது. நீதான் அந்தப் பிள்ள. பொழுது சாயுது. இருட்டுறதுக்குள்ள தேடணும். நெசப் பொழுது சாய எம்புட்டு நேரமோ அம்புட்டு நேரந்தான் கேம். ஒன்றரை மணி நேரம்."

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான்கு வருஷம் பிடித்தது. பனை ஓலை அசைவதற்கு ஒரு மாதம். மயில் கத்துவதைப் பதிவு செய்ய மலையடிவாரத்தில் பன்னிரண்டு நாள் காலை. அந்திவெயில் புளிய மரத்துக்குள் புகுந்து வருவதற்கு எட்டு மாதம், அதுவும் இரண்டு தடவை அழித்துப் போட்டு. அவன் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். முதுகு வளைந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆளே பாதியாகிப் போனான். ஆனால் வாடகையும் அரிசியும் கேஸும் செல்வியின் தலையில். ரேஷன் கடை வரிசையில் நின்றவளும் அவள்தான். குழந்தை பற்றிப் பேச்சு எடுத்தபோதெல்லாம் "கேம் வெளிய வரட்டும் செல்வி, பொறவு பாத்துக்கலாம்" என்றான். அவளும் சரி என்றாள். முப்பதில் சரி என்றாள், முப்பத்திரண்டில் சரி என்றாள். முப்பத்துநான்கில் எல்லாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவன் அவளிடம் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கட்டமாக முடியும்போதெல்லாம் வந்து நிற்பான்.

"ஒரு ஒன்றரை மணி நேரம் உக்காந்து பாரேன் செல்வி. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்குச் சரி."

"ஞாயித்துக்கெழம பாக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், இட்லிக்கு ஆட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்காருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு வருஷத்தில் அவளுக்கு வரவில்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒருதரம் தேடியது போதாதா? முடிவு தெரிந்த தேடல்தானே, அதைப் போய் மறுபடி எதற்குத் தேடுவது? கொஞ்சம் வீம்பும் உண்டு. என் சம்பளத்தில் உட்கார்ந்து என் கதையைச் செய்கிறாய், நான் வேறு வந்து கைதட்ட வேண்டுமா என்ற வீம்பு.

போன வருஷம் தை மாதக் கடைசியில் கேம் வெளிவந்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கிற ஆன்லைன் கடையில் ஒரு மூலையில், கண்மாய்க் கரையில் பைக்கட்டோடு ஒரு பிள்ளை நிற்கிற படம். விலை முன்னூற்று நாற்பத்தொன்பது ரூபாய். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏழெட்டு டாலர்.

"சினிமா டிக்கெட்டு நூத்தம்பதுதான? அது ரெண்டரை மணி நேரம்லா ஓடுது?" என்று செல்வி கேட்டாள்.

"அத நேரம் பாத்தா விக்காங்க?"

"பொறவு எதப் பாத்து?"

அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஆனால் முதல் பத்து நாள் அவன் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. எங்கோ பிரேசிலில் ஒருவன், போலந்தில் ஒருத்தி, கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் வாத்தியார் என்று எழுதினார்கள். கௌதம்ராஜ் அவள் சோறு வடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று வாசித்துத் தமிழில் சொல்வான். "ஒரு நிமிடம்கூட வீணாக இல்லை" என்று ஒருவர். "கடைசியில் வருவதைச் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள், நான் ஒரு மணி நேரம் அழுதேன்" என்று இன்னொருவர். பக்கத்தின் உச்சியில் "மிகவும் நன்று" என்று கடையே ஒரு சான்றிதழ் போட்டிருந்தது. செல்வி வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் குளிர்ந்து போனாள். ஆக, நான்கு வருஷம் வீண் போகவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறபோதுகூட அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் இடித்தது. நூறு பேர் வாங்கினால் அதில் நாற்பத்தைந்து பேர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திட்டியவர்கள் யாரும் இல்லை. பிறகு ஏன் திருப்பினார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால், "அது அப்படித்தான்" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விளக்கியவன் ஆபித். அவள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் மெகராஜ் பேகத்தின் தம்பி. ராஜபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். செல்வியின் போன் கண்ணாடி உடைந்துபோக, வேலை முடிந்து மெகராஜ் பேகம் அவளை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, மச்சானோட கேம் வெளாண்டேன்க்கா," என்று போனைக் கழற்றிக்கொண்டே ஆபித் ஆரம்பித்தான். "சத்தியமாச் சொல்லுதேன், நம்ம பக்கத்துக் கம்மாய இப்பிடி ஒருத்தன் காட்டுவான்னு நெனைக்கல. கடைசியில ஒரு எடம் வருது பாருங்க..."

"எனக்குத் தெரியாத கடைசியாக்கும்? விடு," என்று செல்வி சிரித்தாள். பெருமையாக இருந்தது. "வாங்கியா வெளாண்டே?"

"வாங்கித்தான். முடிச்சுட்டுத் திருப்பிட்டேன்."

அவன் கொஞ்சங்கூடக் கூச்சப்படவில்லை. அந்தக் கடையில் அப்படி ஒரு விதி இருக்கிறதாம். வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள்தான் விளையாடியிருக்கிறோம் என்றால், காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பலாம், முழுப் பணமும் வந்துவிடும். பிடிக்காத சரக்கைத் தலையில் கட்டக் கூடாது என்று வைத்த விதி. இந்த கேம்தான் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே!

மெகராஜ் பேகத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, வெக்கமால்ல ஒனக்கு? பிரியாணியத் தின்னு முடிச்சுட்டுக் காசத் திருப்பிக் குடுன்னு கேப்பியா?"

"அது வேற லாத்தா. ஆன்லைன்ல எரநூறு ரூவாக்கு அறுவது மணி நேரம் வெளாடுற கேமெல்லாம் கெடக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னூத்தம்பதுன்னா யாரு குடுப்பா? மச்சான் மேல எனக்கு ஒண்ணுமில்ல. நல்ல கேம். ஆனா விலைக்குப் பத்தல."

நன்றாக இருந்தது, ஆனால் விலைக்குப் பத்தவில்லை. கண்ணாடி மாற்றியதற்கு அவன் காசு வாங்க மறுத்தான். செல்வி மேஜை மேல் விட்டெறிந்துவிட்டு வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவரை அவளுக்கு வயிறு எரிந்தது. ஆபித் மேல் எரிந்தது கொஞ்ச நேரம்தான். வீட்டுப் படியேறும்போது முழு எரிச்சலும் கௌதம்ராஜ் பக்கம் திரும்பியிருந்தது. இந்த விதி இவனுக்கு முன்னமே தெரியும். தெரிந்துகொண்டே ஒன்றரை மணி நேரத்துக்குச் செய்திருக்கிறான்.

"ரெண்டு மணி நேரந் தாண்டிட்டா திருப்ப முடியாதுல்ல?" செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டாள்.

அவன் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான். "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? ஒரு மணி நேரம் கூட்டுங்க."

"கூட்ட முடியாது செல்வி. பொழுது சாயுறது ஒன்றரை மணி நேரந்தான். அதுக்கு மேல சூரியன எங்க நிப்பாட்ட?"

"கம்பியூட்டர்ல இருக்கிற சூரியன்தான? நீங்க சொன்னா நிக்கும்."

"அந்தப் பிள்ளைக்கு அவசரம் இருக்கணும். இருட்டப் போவுதுன்னு பதறணும். இழுத்தா அது போயிரும்."

அவன் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. பத்துப் பதினோரு வருஷமாக அவள் சோலைச்சாமிகளிடம் சொல்லி வருவதும் அதைத்தானே? ஆனால் எரிச்சல் வந்தவளுக்குப் புரிந்து என்ன ஆக.

"நாலு வருசம் நான் இழுத்தேன்," என்றாள். "இந்த வீட்டத் தனியா இழுத்தேன். ஒங்களால ஒரு மணி நேரம் இழுக்க முடியாதோ? அந்தத் தோப்புக்குள்ள இன்னும் நாலு தோப்பப் போடுங்க. பூட்டப் போடுங்க, சாவியத் தேட விடுங்க. எங்கப்பா என்னைத் தேட விடல?"

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னவுடனே அவளுக்கே நாக்கு கசந்தது.  கௌதம்ராஜ் "சரி" என்றான். வாதம் பண்ணியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவன் சரி என்றுதான் சொன்னான்.

மூன்று வாரத்தில் கேம் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. அந்தி வெயிலுக்கு எட்டு மாதம் செலவழித்தவன், ஒரு மணி பத்து நிமிடத்தை மூன்று வாரத்தில் ஓட்டி முடித்தான். வாழைத்தோட்டம் ஒன்று, தென்னந்தோப்பு ஒன்று, மாந்தோப்பு ஒன்று. தோட்டத்துக்குப் பூட்டு. சாவி காவக்காரனிடம். காவக்காரனுக்குப் புகையிலை வாங்கி வர வேண்டும். புகையிலைக் கடைக்காரிக்குத் தண்ணீர் எடுத்துத் தர வேண்டும். அதுவரை சூரியன் தென்னை உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

முதல் வாரம் திருப்பிக் கொடுத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். செல்வி வெற்றி பெற்றவள் மாதிரி நடந்தாள். "பாத்தீங்களா?" என்று கேட்டாள். 

இரண்டாம் வாரம் எழுத ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அவன் வாசித்துச் சொல்லவில்லை. அவன் குளிக்கப் போயிருந்தபோது அவளே திரையில் பார்த்து, தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினாள். "ஆட்டைத் தேட வந்தேன், புகையிலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்." "மூன்றாவது தோப்பில் நிறுத்திவிட்டேன்." "யாரோ நல்ல கதையை வாங்கித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்." போலந்துக்காரி தன் பழைய பாராட்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்: "முன்பு இது குறைந்த நேரத்துக்கு அதிக விலையாக எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது." உச்சியில் "மிகவும் நன்று" போய், "கலவையான கருத்துகள்" என்று வந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் அடுத்த கேமுக்குப் போய்விட்டார்கள். பங்குனி முடிவதற்குள் ஒரு நாளைக்கு ஒன்றுகூட விற்கவில்லை.

"பழசையே திருப்பிப் போட்டுருங்களேன்," என்று அவள்தான் முதலில் இறங்கி வந்தாள்.

"எழுதுனவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க செல்வி. இனி யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். "அதத் தொட்டாலே எனக்குக் கூசுது."

கோபப்பட்டிருக்கலாம். நீ சொல்லித்தானே செய்தேன் என்று ஒரு வார்த்தை வீசியிருக்கலாம். அவள் அதற்குத் தயாராக, பதிலோடு காத்திருந்தாள். அவன் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்கவே இல்லை. சித்திரையில் ஒரு நூல்மில்லில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தான். பேரிங் எத்தனை, பெல்ட் எத்தனை என்று எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஒழுங்காகப் போனான், ஒழுங்காக வந்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் "இப்பத்தான் ஒரு வழிக்கு வந்திருக்கான்" என்றார்கள். நான்கு வருஷம் செல்வி கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டபோது அவர்கள் வாயிலேயே போட வேண்டும் போலிருந்தது.

லேப்டாப் பீரோவுக்கு மேல் ஏறியது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிப்டு இருந்தது. செல்வி துவைத்து முடித்து, சாம்பாருக்குப் பருப்பை ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்தவள், ஏனென்று தெரியாமல் எழுந்து நாற்காலி போட்டு லேப்டாப்பை இறக்கினாள். தூசி தட்டித் திறந்தாள். நான்கு வருஷமாகக் கிடைக்காத நேரம் இன்றைக்குக் கிடைத்திருந்தது. பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். பார்த்துவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் முகம் கொஞ்சமாவது தெளியும்.

முதல் முக்கால் மணி நேரம் அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கண்மாய்க் கரை அதே கரை. பைக்கட்டின் வார் தோளில் உராய்கிற சத்தம்கூட இருந்தது. அதை அவள் எப்போது சொன்னாள்? கரை மேல் அந்தப் பிள்ளை நின்று வாயில் கை குவித்துக் கூப்பிட்டபோது செல்வியும் வாய் திறந்துவிட்டாள், சத்தம்தான் வரவில்லை. வெயில் இறங்க இறங்க அவள் பட்டனை இன்னும் அழுத்தி அழுத்திப் பிள்ளையை விரட்டினாள். எங்கோ கழுத்து மணி கிணுகிணுத்தது. அவள் ஓடினாள்.

ஓடிய இடத்தில் ஒரு பூட்டிய கேட் நின்றது.

ஒட்டுப் போட்ட இடம் அவளுக்கு அங்குலம் பிசகாமல் தெரிந்தது. இதுவரை நெருக்கமாக ஓடி வந்தது இங்கிருந்து தளர்ந்து போயிருந்தது. காவக்காரன் புகையிலை கேட்டான். கடைக்காரி தண்ணீர் கேட்டாள். சூரியன் தென்னை உச்சியில் நின்றது. அந்தப் பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்வந்து போய்வந்து, தான் எதற்காக ஓடி வந்தோம் என்பதையே மறந்துவிட்டது. மூன்றாவது தோப்பில் செல்வியின் விரல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, மனசு பருப்பு ஊறியிருக்குமா என்று போய்விட்டது. தெருவில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். விட்டுவிட்டு எழுந்தாள்.

தண்ணீர் பிடித்து முடித்த பிறகும் அவள் போய் உட்காரவில்லை. உட்காரப் பிடிக்கவில்லை. தான் கேட்டு வாங்கிய ஒரு மணி நேரத்தைத் தன்னாலேயே தாண்ட முடியவில்லை என்பது அவளை அப்படி அவமானப்படுத்தியது. சும்மா இருந்தவனை உசுப்பி இதைச் செய்ய வைத்தோமே என்று குடத்தடியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலரை மணிக்குக் கௌதம்ராஜ் வந்தான். மேஜை மேல் திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தான். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"வெளாண்டியா?"

"ம்."

"முடிச்சியா செல்வி?"

அவன் முகத்தைப் பார்த்தாள். தை மாதத்தில் பார்த்த அந்த வெளிச்சம், அணைந்தே போனது என்று அவள் நினைத்திருந்தது, லேசாக எட்டிப் பார்த்தது. இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"முடிச்சேன்," என்றாள். "நல்லாருந்துச்சு."

"கடைசி எப்பிடி இருந்துச்சு?"

அதுதான் அவளுக்குத் தெரியுமே. அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அப்பிடித்தான இருக்கும். கெடைக்காதுல்ல. அதான நெசம்," என்றாள். "அந்தப் பிள்ள வெறுங்கையோட வீட்டுக்குப் போறப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

கௌதம்ராஜ் பையை மெதுவாகக் கீழே வைத்தான். லேப்டாப்பை மூடினான்.  தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று செல்விக்குத் திக்கென்றது.

"கெடைச்சிரும் செல்வி," என்றான். "இருட்டினப்பொறவு அந்தப் பிள்ள திரும்பி வரும். கரையில ஒங்கப்பா லாந்தரோட நிப்பாரு. வியாபாரிகிட்டப் போய்ச் சீனியத் திருப்பி வாங்கிட்டு வந்து, கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு."

அவள் மேஜைக்கு வந்து, மூடிய லேப்டாப்பைத் திறக்கப் போனாள். 

"இப்பப் போய்ப் பாக்கேன். முழுசா பாக்கேன், எம்புட்டு நேரமானாலும்..."

"வேண்டாம்," என்றான். "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல." மறுநாள் ஷிப்டுக்குச் சட்டை தேய்க்க வேண்டும் என்று இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.